ஏலக்காயைக் குலுக்கும் அலை

நன்றாகக் காய்ந்த ஏலக்காயைக் காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். ஈரம் மிச்சமிருந்தால் விதைகள் பசையோடு ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஊமையாகக் கிடக்கும். போடிநாயக்கனூரில் ஏலக்காயோடு புழங்குபவர்கள் நாலு காயை உள்ளங்கையில் அள்ளி ஒருமுறை குலுக்குவார்கள், ஒன்றை நகத்தால் பிளந்து விதையின் கறுப்பைப் பார்ப்பார்கள், முகர்வார்கள். அந்தக் குலுக்கலைப் பார்க்கும்போதெல்லாம் அது ஒரு முழுமையான இயற்பியல் சோதனை என்றே எனக்குத் தோன்றும். நமக்குத் தெரிந்த ஓர் அசைவை ஒரு பொருளுக்குள் செலுத்துகிறோம். திரும்பி வருவதைக் கேட்டு, கண்ணால் காண முடியாத உள்நிலையைச் சொல்கிறோம்.

கைக்குப் பதிலாக மின்னழுத்தத்தை வைத்துக் குலுக்கினால்? விநாடிக்கு ஆயிரம் முறை, பத்தாயிரம் முறை, லட்சம் முறை என்று குலுக்கும் வேகத்தையும் நாம் சொன்னபடி மாற்ற முடிந்தால்? அந்தக் கையின் பெயர்தான் சைன் அலையியற்றி. அதன் வேகத்தை ஒரு சிறிய மைக்ரோகன்ட்ரோலரின் கட்டுப்பாட்டில் எப்படிக் கொண்டுவருவது என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன். மின்னணுவியல் பாடநூல்களில் வெறும் சுற்றுப்படமாக நிற்கும் இந்தச் சிக்கல், ஏலமலைச் சரிவில் வைத்துப் பார்த்தால் உயிர்பெற்றுவிடுகிறது.

முதலில் ஈரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லிவிட வேண்டும். செடியிலிருந்து பறித்த பச்சைக்காயின் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு தண்ணீர். தோட்டங்களில் ஸ்டோர் என்று சொல்லும் உலர்த்தும் கட்டடத்தில், 45 முதல் 55 டிகிரி வரையிலான சூட்டில் அதைக் காயவைத்து, ஈரத்தைப் பத்துப் பன்னிரண்டு விழுக்காட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். 100 கிலோ பச்சைக்காயில் தண்ணீர் போக மிஞ்சுவது 20 கிலோதான். 11 விழுக்காடு ஈரத்தோடு அது இருபத்திரண்டரைக் கிலோ உலர்காயாக வெளிவரும். சூடு கூடினால் பச்சை நிறம் வெளுக்கும், காய் வெடிக்கும். சூடு போதாமல் ஈரம் தங்கினால் மூட்டைக்குள் பூஞ்சணம் பூக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் நடக்கும் ஊர் போடி. மலையின் மறுபக்கம் புற்றடியிலும் அது நடக்கிறது. சாம்பிளைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கணினியில் விலை கேட்கிறார்கள். 50 கிலோ மூட்டையில் ஈரம் மூன்று விழுக்காடு கூடுதலாக இருந்தால், ஒன்றரைக் கிலோ தண்ணீருக்கு ஏலக்காய் விலை கொடுத்ததாகிவிடும்.

ஈரத்தை அளக்க அடுப்பில் வைத்துக் காயவைத்து எடைக்குறைவைப் பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். நெல்லுக்கு அது சரி. ஏலக்காய்க்கு மதிப்பே அதில் ஆவியாகும் எண்ணெயில்தான் இருக்கிறது. அடுப்பில் வைத்தால் தண்ணீரோடு அந்த எண்ணெயும் பறந்துபோய், போன எடை முழுவதும் ஈரக் கணக்கில் விழுந்துவிடும். அதனால்தான் நறுமணப் பொருள்களுக்கான முறையான ஆய்வில் பொடித்த காயை டொலுவீனில் போட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். ஆவியோடு வரும் தண்ணீர், அளவுக் குழாயின் அடியில் தனியாகத் தங்கும். எண்ணெய் டொலுவீனோடு கலந்துவிடும். அழகான முறை. ஆனால் கண்ணாடிக் கருவி வேண்டும், எளிதில் தீப்பிடிக்கும் திரவம் வேண்டும், நேரம் வேண்டும். ஸ்டோரில் இரவு இரண்டு மணிக்குத் தட்டைப் புரட்டிவிட்டு இன்னும் எத்தனை மணி நேரம் என்று யோசிக்கும் தொழிலாளிக்கு அது பயன்படாது.

மின்சாரம் இங்கேதான் உதவிக்கு வருகிறது. இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஒரு பொருளை வைத்தால் அது மின்தேக்கியாகிறது. நடுவில் இருக்கும் பொருள் காற்றைவிட எத்தனை மடங்கு மின்னூட்டத்தைத் தாங்கவைக்கிறது என்பதை ஒப்புமை விடுதிறன் என்கிறோம். காற்றுக்கு அது 1. உலர்ந்த தாவரப் பொருளுக்கு ஒற்றை இலக்கத்தில் இருக்கும். தண்ணீருக்கோ 80. தண்ணீர் மூலக்கூறின் ஒரு முனை சற்றே நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் இருப்பதால், மின்புலம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் அது திரும்பி நிற்கும். அதுதான் இவ்வளவு பெரிய எண்ணுக்குக் காரணம். சிறிது ஈரம் கூடினாலும் தேக்கம் உயர்ந்துவிடும். நெல், கோதுமை ஈரமானிகளில் பலவும் இந்த ஒரே உண்மையின் மேல் நிற்பவைதான்.

ஒரு பாத்திரத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். 8 சென்டிமீட்டர் குறுக்களவு, 20 சென்டிமீட்டர் உயரம். ஏறத்தாழ ஒரு லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் குவளை. நடுவில் 2 சென்டிமீட்டர் பருமனுள்ள ஓர் உலோகத் தண்டு, குவளையைத் தொடாமல். இந்த இரண்டுக்கும் இடையிலான தேக்கம், காற்று மட்டும் இருக்கும்போது, வெறும் 8 பிக்கோஃபாரட். மிகச் சிறிய அளவு. விநாடிக்கு ஆயிரம் முறை மாறும் மின்னழுத்தத்துக்கு இது 2 கோடி ஓம் எதிர்ப்பாகத் தெரியும். அவ்வளவு பெரிய எதிர்ப்பில் ஓடும் மின்னோட்டத்தை அளப்பது, பக்கத்தில் ஆள் நடந்தாலே கலையக்கூடிய வேலை. அதே குவளை 100 கிலோஹெர்ட்ஸில் 2 லட்சம் ஓம். ஒரு மெகாஹெர்ட்ஸில் 20,000 ஓம். வேகமாகக் குலுக்கக் குலுக்கப் பதில் உரக்க வருகிறது.

அப்படியானால் ஒரே ஒரு பெரிய அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடலாமே? முடியாது, முழுக் கட்டுரையும் இந்த இடத்தில்தான் சுழல்கிறது. காய்க்குள் இருப்பது சுத்தமான தண்ணீர் இல்லை. உப்புகள் கரைந்த சாறு. அது மின்னூட்டத்தைத் தாங்குவதோடு, கொஞ்சம் கடத்தவும் செய்யும். மின்தேக்கிக்குக் குறுக்கே ஒரு மின்தடையை இணைத்தது போன்ற நிலை இது. மெதுவாகக் குலுக்கினால் மின்னோட்டம் பெரும்பாலும் கசிவு வழியே போகும். வேகமாகக் குலுக்கினால் தேக்கத்தின் வழியே போகும். இரண்டும் சமமாகும் அதிர்வெண் பொருளின் ஈரத்தைப் பொறுத்தது. ஒப்புமை விடுதிறன் 5, மின்கடத்து எண் மீட்டருக்கு ஒரு சீமென்ஸில் லட்சத்தில் ஒரு பங்கு என்று ஒரு பொருளைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டால், அந்தச் சந்திப்பு 36 கிலோஹெர்ட்ஸில் வரும். மின்கடத்து எண் மட்டும் பத்து மடங்கானால் சந்திப்பு 360 கிலோஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். காய் காயக் காய இந்தச் சந்திப்பு மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே வரும். அதைத் தொடர்ந்து போக வேண்டுமானால் குலுக்கும் கையின் வேகமும் தொடர்ந்து மாற வேண்டும். ஓர் ஆள் உட்கார்ந்து குமிழைத் திருகிக்கொண்டிருக்க முடியாது. அந்தப் பொறுப்பை நிரலிடம் ஒப்படைக்க வேண்டும்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு மிக எளிதாக வருவது சதுர அலை. ஒரு காலை உயர்த்து, இறக்கு, உயர்த்து, இறக்கு, அவ்வளவுதான். அதையே ஏன் அனுப்பக்கூடாது? சதுர அலை என்பது ஒற்றை அலை இல்லை. அடிப்படை அலையோடு அதன் மூன்று மடங்கு வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரமுள்ள அலை, ஐந்து மடங்கு வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு, ஏழு மடங்கில் ஏழில் ஒரு பங்கு என்று அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் அந்தச் சதுரம். அதை அனுப்பினால் ஒரே நேரத்தில் பல வேகங்களில் குலுக்கியதாகும். வரும் பதிலில் எது எந்த வேகத்துக்கு என்று பிரிக்க முடியாது. சைன் அலைக்கு மட்டும் ஒரு தனிக்குணம் உண்டு. மின்தடை, மின்தேக்கி, கம்பிச்சுருள் என்று எந்த நேரியல் சுற்றுக்குள் போனாலும் அது சைனாகவே வெளிவரும். உயரம் மாறும், கொஞ்சம் முன்பின்னாகும், வடிவம் மாறாது. ஆகவே இரண்டே எண்களை அளந்தால் போதும்: உயரம் எவ்வளவு குறைந்தது, அலை எவ்வளவு முந்தியது. அந்த இரண்டிலிருந்து தேக்கத்தையும் கசிவையும் தனித்தனியே கணக்கிட்டுவிடலாம்.

அலையை உண்டாக்கும் பழைய வழியைப் பார்ப்போம். கோயில் திருவிழாவில் மைக் செட் கட்டும்போது, மைக்கை ஒலிபெருக்கிக்கு நேரே திருப்பிவிட்டால் ஊரே காதைப் பொத்தும்படி ஒரு கூவல் கிளம்பும். ஒலிபெருக்கியில் வந்தது மைக்குக்குள் போகிறது, பெருக்கப்படுகிறது, மறுபடி வருகிறது. ஒரு சுற்று போய்த் திரும்பும் ஒலி, கிளம்பியபோது இருந்த அதே கட்டத்தில், குறையாத உயரத்தில் வந்து சேர்ந்தால் அது தன்னைத்தானே பிடித்துக்கொண்டு நிற்கும். ஜெர்மானிய இயற்பியலாளர் பார்க்ஹவுசனின் பெயரால் வழங்கும் நிபந்தனை இதுதான். அந்தக் கூவலைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஒரே ஒரு அதிர்வெண்ணில் மட்டும் நிபந்தனை நிறைவேறும்படி செய்தால் அலையியற்றி கிடைத்துவிடும்.

இதற்கு மிக அழகான சுற்று வீன் பாலம். மாக்ஸ் வீன் 1891இல் மின்தேக்கிகளை அளப்பதற்காக அமைத்தது. இரண்டு சம மின்தடைகள், இரண்டு சம மின்தேக்கிகள். ஒரு ஜோடி தொடராக, மறு ஜோடி பக்க இணைப்பாக. ஒரே ஓர் அதிர்வெண்ணில் மட்டும் உள்ளே போன அலை கட்டம் மாறாமல், சரியாக மூன்றில் ஒரு பங்கு உயரத்தோடு வெளியே வரும். அந்த அதிர்வெண், ஒன்றை 2 × 3.1416 × தடை × தேக்கம் என்ற பெருக்கற்பலனால் வகுத்தால் கிடைக்கும். 10,000 ஓம், 10 நானோஃபாரட் என்றால் 1,592 ஹெர்ட்ஸ். இழந்த மூன்றில் இரண்டைத் திருப்பிக் கொடுக்க மூன்று மடங்கு பெருக்கம் வேண்டும். இங்கேதான் தலைவலி. பெருக்கம் 2.99 என்றால் அலை மெல்ல அவிந்துவிடும். 3.01 என்றால் வளர்ந்துகொண்டே போய் உச்சி தட்டையாகிவிடும். சைன் தன் சுத்தத்தை இழந்துவிடும்.

ஸ்டான்ஃபர்டில் படித்துக்கொண்டிருந்த வில்லியம் ஹியூலெட் 1939இல் தன் ஆய்வேட்டில் இதற்கு வைத்த தீர்வு ஒரு சிறு மின்விளக்கு. அலை உயர்ந்தால் விளக்கின் இழை சூடாகும். சூடானால் அதன் தடை கூடும். தடை கூடினால் பெருக்கம் குறையும்படி அதைச் சுற்றில் வைத்தார். அலை தாழ்ந்தால் இதற்கு நேர்மாறு. வேறு யாரும் கவனிக்க வேண்டாம், அலை தானே தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதே ஆண்டு அவரும் டேவிட் பேக்கார்டும் தொடங்கிய நிறுவனத்தின் முதல் பொருள் இந்த அலையியற்றிதான். விலை 54 டாலர் 40 சென்ட். வால்ட் டிஸ்னி நிறுவனம் 'ஃபேன்டேசியா' படத்தின் ஒலியமைப்புக்காக இதன் அடுத்த வடிவத்தில் எட்டு வாங்கியது. ஒரு மின்விளக்கு இழையின் குணத்தைக் கூர்ந்து பார்த்ததிலிருந்து ஒரு தொழிலே முளைத்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இந்தச் சுற்றை மைக்ரோகன்ட்ரோலரின் கையில் கொடுக்க, மின்தடைகளின் இடத்தில் எண்முறை மின்தடையை வைக்கலாம் என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் யோசனை. எம்சிபி42010 என்ற சில்லில் இரண்டு 10,000 ஓம் தடைகள் ஒன்றாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 256 படிகள். எழுதிவைத்துப் பார்த்தால் பொருத்தமாகவே இருக்கும். கணக்கைப் போட்டால்தான் குறை தெரியும். அதிர்வெண் தடைக்குத் தலைகீழாக மாறுகிறது. 10 நானோஃபாரட் மின்தேக்கியோடு, மேல் முனையில் ஒரு படி இறங்கினால் 1,590 ஹெர்ட்ஸ் 1,596 ஆகும்; ஆறே ஹெர்ட்ஸ் மாற்றம். கீழ் முனையில் 11ஆம் படியிலிருந்து 10ஆம் படிக்கு வந்தால் 33,000 ஹெர்ட்ஸிலிருந்து 36,000க்கு ஒரே தாவல். நடுவில் எந்த அதிர்வெண்ணும் கிடைக்காது. போதாததற்கு 10,000 ஓம் என்று எழுதியிருக்கும் தடை 20 விழுக்காடு வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று தயாரிப்பாளரே சொல்லிவிடுகிறார். மின்விளக்கோ வேறு சூட்டுத் தடையோ வைத்து உயரத்தைக் கட்டுப்படுத்தினால், அதிர்வெண்ணை மாற்றும் ஒவ்வொரு முறையும் அலை சற்றுநேரம் எகிறித் தாழ்ந்துதான் நிலைக்கும். நூறு அதிர்வெண்களில் அளக்க வேண்டுமானால் நூறு முறை காத்திருக்க வேண்டும்.

இடமும் தன் பங்குக்குச் சோதிக்கிறது. போடி ஊருக்குள் சித்திரை வெயில். அங்கிருந்து ஜீப்பில் கிளம்பிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால், கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே மூடுபனியும் சாரலும். தோட்ட வேலைக்குத் தினமும் இந்த வழியில் போய்வரும் பெண்கள் கையில் கம்பளி வைத்திருப்பார்கள். ஸ்டோருக்குள் போனால் மறுபடியும் 50 டிகிரி. ஒரே நாளில் ஒரு கருவி இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பீங்கான் மின்தேக்கிகளில் எக்ஸ்7ஆர் என்ற வகைக்கு, அதன் முழு வெப்ப எல்லைக்குள் தேக்கம் 15 விழுக்காடு வரை மாறலாம் என்றே தரம் வகுத்திருக்கிறார்கள். தேக்கம் மாறினால் அதிர்வெண் மாறும். சி0ஜி என்ற நல்ல வகையை வாங்கினால் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 30 பங்குதான் மாற்றம். வீன் பாலத்தை விரும்பிச் செய்பவர்கள் அந்தச் செலவைச் செய்துவிட வேண்டும் என்றே சொல்வேன். விலை வித்தியாசம் பெரிதில்லை, மனநிம்மதி பெரிது.

இன்னொரு வழி உண்டு. மைக்ரோகன்ட்ரோலர் சதுர அலையையே உண்டாக்கட்டும். அதன் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு அலைகளை ஒரு வடிகட்டி தடுத்துவிடட்டும். வடிகட்டி அசையாமல் நின்றால் ஓர் அதிர்வெண்ணுக்குத்தான் உதவும். ஆனால் மின்தேக்கிச் சாவி வடிகட்டி என்ற வகையில், வெட்டும் இடத்தை ஒரு கடிகாரத் துடிப்பு முடிவுசெய்கிறது. துடிப்பின் நூறில் ஒரு பங்கு. மைக்ரோகன்ட்ரோலர் 100 கிலோஹெர்ட்ஸ் துடிப்பை அனுப்பி, அதையே நூறால் வகுத்து ஒரு கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை வடிகட்டிக்குள் விட்டால் சைன் வெளிவரும். துடிப்பை மாற்றினால் அலையும் வடிகட்டியும் கைகோத்தபடி நகரும். கேட்கும் ஒலி எல்லைக்குள் இது மிக நேர்த்தியான தீர்வு. நமக்கு வேண்டிய நூறு கிலோஹெர்ட்ஸுக்கும் மேலான எல்லையில் இது ஓடாது.

அதற்கு அலையை இயற்றுவதையே விட்டுவிட்டு, அலையை எழுத வேண்டும்.

தேனிக்குப் பக்கத்தில் வீரபாண்டி சித்திரைத் திருவிழாவுக்குப் போனவர்கள் ராட்டினத்தில் ஏறியிருப்பார்கள். ராட்டினம் சீராகச் சுற்றும்போது, நீங்கள் உட்கார்ந்திருக்கும் பெட்டி அச்சுக்கு மேலே எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் காலத்தோடு வரைந்தால் கிடைப்பது சைன் அலை. இப்போது ஒரு ராட்டினத்தில் 26,84,35,456 பெட்டிகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டை 28 முறை பெருக்கினால் வரும் எண் அது. விநாடிக்கு 2.5 கோடி முறை துடிக்கும் ஒரு படிகம், ஒவ்வொரு துடிப்புக்கும் ராட்டினத்தைச் சில பெட்டிகள் நகர்த்துகிறது. ஒரு பெட்டி வீதம் நகர்ந்தால் ஒரு சுற்று முடிய பத்தே முக்கால் விநாடி ஆகும். 10,737 பெட்டிகள் வீதம் நகர்ந்தால் விநாடிக்கு 999.96 சுற்றுகள். 10,738 என்றால் 1000.05. மைக்ரோகன்ட்ரோலர் செய்ய வேண்டியது, எத்தனை பெட்டி என்ற அந்த ஒரே எண்ணை அனுப்புவது மட்டும்தான். பெட்டியின் இடத்துக்கு உரிய உயரத்தை ஓர் அட்டவணையில் பார்த்து, எண்ணை மின்னழுத்தமாக மாற்றும் பகுதிக்குக் கொடுத்தால் அலை வந்துவிடும். ஜோசப் டியர்னி, சார்லஸ் ரேடர், பெர்னார்ட் கோல்ட் ஆகிய மூவர் 1971இல் இந்த முறையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். இன்று ஏடி9833 என்ற சில்லுக்குள் முழு ராட்டினமும் அடங்கிவிட்டது. மூன்று கம்பிகள் வழியே அதற்கு எண்ணை அனுப்பலாம்.

இதன் அருமை எங்கே என்றால், அதிர்வெண் இப்போது தடையையோ தேக்கத்தையோ நம்பி இல்லை. படிகத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. சாதாரணப் படிகமே பத்து லட்சத்தில் 50 பங்குக்குள் நிற்கும் என்றால், ஆயிரம் ஹெர்ட்ஸில் பிழை 0.05 ஹெர்ட்ஸ். போடி வெயிலும் மெட்டுப் பனியும் அதை அசைக்காது. படிகள் எல்லா இடத்திலும் ஒரே அளவு, ஒரு ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதிர்வெண்ணை மாற்றும்போது ராட்டினம் நின்று கிளம்புவதில்லை. இருந்த இடத்திலிருந்தே வேகம் மாறுகிறது. அலை அறுபடாது, உயரம் எகிறாது, காத்திருக்கவும் வேண்டாம்.

அந்த அட்டவணையைப் பற்றி எழுதாமல் மேலே போக எனக்கு மனமில்லை. சைன் மதிப்புகளைக் கணித்து வரிசையாக வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துப் பயன்படுத்தும் பழக்கம் இந்த மண்ணில் மிகப் பழையது. கி.பி. 499இல் ஆரியபட்டர் தந்த அட்டவணையில் 24 மதிப்புகள். ஆரம் 3438 என்று வைத்து, கால்வட்டத்தை 24ஆகப் பகுத்திருந்தார். முழு வட்டத்துக்கும் எழுதவில்லை; மீதி முக்கால் வட்டம் சமச்சீரால் தானே கிடைத்துவிடும். மைக்ரோகன்ட்ரோலரின் சிறிய நினைவகத்தில் இடத்தை மிச்சப்படுத்த இன்று நிரல் எழுதுபவர்கள் கால்வட்ட அட்டவணையை வைத்துக்கொள்வதும் இதே காரணத்துக்காகத்தான். இன்னும் நுட்பமான ஒன்று: ஆரியபட்டர் மதிப்புகளைக் கொடுக்கவில்லை, அடுத்தடுத்த மதிப்புகளுக்கு இடையிலான வேறுபாட்டைக் கொடுத்தார். 225, 224, 222, 219, 215, 210, 205, 199 என்று போகும். இந்த எட்டையும் கூட்டிப் பாருங்கள், 1719 வரும். 3438இல் சரிபாதி. 30 டிகிரியின் சைன் அரை என்று பள்ளியில் படித்தது அங்கே நிற்கிறது. பெரிய எண்களை விட்டுச் சிறிய வேறுபாடுகளை மட்டும் சேமிப்பது இன்று கணினித் தரவுச் சுருக்கத்தின் அன்றாட உத்தி. பதினான்காம் நூற்றாண்டில் மலைக்கு மறுபுறம் கேரளத்தில் பிறந்த சங்கமகிராம மாதவர், அதே 24 மதிப்புகளை இன்னும் பல இலக்கத் துல்லியத்தோடு தந்தார். சைனை முடிவில்லாத் தொடராக விரிக்கும் வழியும் அவர் பெயராலேயே வழங்குகிறது. வானத்தில் கோள்களின் இடத்தைச் சொல்ல அவர்கள் செய்த அட்டவணையின் வாரிசு, இன்று ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய சில்லுக்குள் விநாடிக்கு 2.5 கோடி முறை புரட்டப்படுகிறது.

நடைமுறைக்குச் சில சொற்கள். ஏடி9833 தரும் அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே ஏறத்தாழ 0.6 வோல்ட்தான். குவளைக்கு அனுப்பும் முன் ஒரு செயல்பாட்டுப் பெருக்கியால் அதை உயர்த்த வேண்டும். அலை 1,024 படிநிலைகளில் எழுதப்படுவதால் கூர்ந்து பார்த்தால் படிக்கட்டாகத் தெரியும். ஒரு தாழ்நிலை வடிகட்டி அதை வழுவழுப்பாக்கிவிடும். நேர்மின்னோட்டம் சிறிதும் காய்க்குள் போகாதபடி நடுவில் ஒரு மின்தேக்கியை வைக்க மறக்கக்கூடாது. ஒரே திசையில் மின்னோட்டம் ஓடினால் உலோகம் அரிக்கும். மலிவான மண் ஈர உணரிகளின் முட்கள் சில வாரங்களில் கரைந்துபோவது இதனால்தான். ஏலச்செடியின் அடியில் மண் ஈரம் பார்க்க நினைப்பவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பதிலைக் கேட்பதிலும் அதே சைன் உதவுகிறது. ஸ்டோரில் காற்றாடி மோட்டார் ஓடும், மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் எங்கும் நிறைந்திருக்கும். திரும்பி வரும் சிற்றலையை, நாம் அனுப்பிய சைனாலும் அதிலிருந்து கால்சுற்று விலகிய இன்னொரு சைனாலும் கணந்தோறும் பெருக்கி, நீண்ட நேரம் கூட்டினால், நம் அதிர்வெண்ணில் வந்தது மட்டும் சேர்ந்து வளரும். மற்றவை கூட்டலும் கழித்தலுமாக ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சந்தையின் நடுவே தன் பெயரைச் சொல்லி அழைக்கும் குரலுக்கு மட்டும் காது திரும்புவதைப் போல. ஏடி5933 என்ற சில்லு, அலையை அனுப்புவதையும் 1,024 மாதிரிகளை எடுத்து இந்தப் பெருக்கலைச் செய்வதையும் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதன் எல்லை 100 கிலோஹெர்ட்ஸ் வரை. நம் லிட்டர் குவளை அங்கே 2 லட்சம் ஓம். அந்தச் சில்லு அளக்கக்கூடிய வரம்புக்குள் வசதியாக விழுகிறது. முதலில் செய்து பார்க்க விரும்பும் மாணவருக்கு நான் இதைத்தான் காட்டுவேன். மெகாஹெர்ட்ஸுக்குப் போக வேண்டும் என்ற தேவை வரும்போது ஏடி9833ஐ எடுத்துக்கொள்ளலாம்.

அலை சரியாகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்டோரிலிருந்து எடுத்த காய் சூடாக இருக்கும். தண்ணீரின் ஒப்புமை விடுதிறன் 20 டிகிரியில் 80 என்றால் 50 டிகிரியில் 70தான். சூட்டை அளந்து திருத்தாவிட்டால், வெவ்வேறு ஈரமும் வெவ்வேறு சூடும் உள்ள காய்கள் ஒரே எண்ணைச் சொல்லிவிடலாம். குவளையின் சுவரில் ஒரு வெப்பத்தடை ஒட்டியிருக்க வேண்டும். அளவீட்டு எண்ணை விழுக்காடாக மாற்றும் அட்டவணையை, பல ஈர நிலைகளில் எடுத்த சாம்பிள்களை அந்த டொலுவீன் முறையில் ஆய்ந்து, ஒன்றோடொன்று பொருத்தித்தான் தயாரிக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி இல்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. பெருங்காயும் சிறுகாயும் குவளையில் ஒரே மாதிரி அடங்குவதில்லை. காய்களுக்கு இடையில் காற்று எவ்வளவு, காய் எவ்வளவு என்பது ஒவ்வொரு முறையும் மாறும். தேக்கமும் அதோடு மாறும். காற்றின் பங்கைக் கணக்கில் எடுக்க, குவளை நிறையக் காயைக் கொட்டித் தலையை வழித்துவிட்டு எடை பார்க்க வேண்டும். இந்த அளவை போடிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு லிட்டர் காய் எத்தனை கிராம் நிற்கிறது என்ற லிட்டர் எடையையும் வைத்து அவர்கள் தரம் பிரிக்கிறார்கள். சாம்பிளோடு அந்த எண்ணும் சேர்ந்தே பேசப்படுகிறது. அதனால் கருவி செய்ய உட்காருபவர் அலையியற்றியை எடுப்பதற்கு முன், ஒரு லிட்டர் குவளையையும் கிராம் கணக்கில் காட்டும் ஒரு தராசையும் மேசைமேல் வைத்துவிட்டுத் தொடங்கலாம்.